250 குதிரை மோட்டார், 26 பிட்ச் ப்ராப், ஆனால் 5200 ஆர்பிஎம் தாண்டவில்லை. எந்த ப்ராப் வாங்குவது?

ஏரிக்கரை (டல்லாஸ்)
வணக்கம் நண்பர்களே. பத்து வருடம் கரையில் நின்றே தூண்டில் போட்டுவிட்டு, போன டிசம்பரில்தான் சொந்தமாக ஒரு பாஸ் படகு (பாஸ் மீன் பிடிக்கும் வேகப் படகு) வாங்கினேன். பழையதுதான். 20 அடி ஃபைபர் படகு, யமஹா வி மேக்ஸ் எஸ்எச்ஓ 250 மோட்டார். கூடவே வந்த ப்ரொப்பல்லர் மூன்று இறக்கை ஸ்டெயின்லெஸ், 26 பிட்ச் (ஒரு சுற்றுக்கு 26 அங்குலம் என்ற கணக்கு). விற்றவர் "75 மைல் அசால்ட்டாகப் போகும்" என்றார். நானும் நம்பினேன்.

இரண்டு மாதமாக இங்கே லேக் ஃபோர்க் ஏரியில் ஓட்டுகிறேன். முழு த்ராட்டில் கொடுத்தாலும் 62, 63 மைலில் நின்றுவிடுகிறது. ஆர்பிஎம் 5200. படகு நீர் மேல் ஏறி ஓட ஆரம்பிக்க ஏழு விநாடி ஆகிறது. அந்த ஏழு விநாடியும் மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும், முன்னால் எதுவும் தெரியாது. ஃபோர்க்கில் தண்ணீருக்குள் எத்தனை மரம் நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும்.

75 போக எந்த ப்ராப் வாங்கலாம்? ஒரே பெயர் சொல்லுங்கள், போதும்.

வேகத்தடை (ஹூஸ்டன்)
24 பிட்ச் வாங்குங்கள். முடிந்தது. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை ஏறும். இரண்டு அங்குலம் குறைத்தால் 5500, 5600 வந்துவிடும். இந்த மோட்டாருக்கு முழு த்ராட்டிலில் யமஹா சொல்லும் எல்லை 5000 முதல் 6000. நீங்கள் அடிமட்டத்தில் நிற்கிறீர்கள்.

நட்டுபோல்ட்டு (அட்லாண்டா)
வேகத்தடை சொன்ன கணக்கு சரி. ஆனால் அதற்குள் கடைக்கு ஓட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ப்ராப் ஒன்று 600 டாலருக்கு மேல். நான் அந்தப் பணத்தை மூன்று முறை தொலைத்தவன் என்பதால் கேட்கிறேன், கோபிக்காதீர்கள்.

5200, 63 மைல் என்கிறீர்களே, அது எப்போது எடுத்தது? படகில் எத்தனை பேர்? டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? லைவ்வெல்லில் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில்) தண்ணீர் இருந்ததா? வேகம் ஜிபிஎஸ்ஸில் பார்த்ததா, டாஷ்போர்டு முள்ளில் பார்த்ததா? ஜாக் பிளேட் (மோட்டாரை ஏற்றி இறக்கும் தாங்கி) இருக்கிறதா, இருந்தால் மோட்டார் எந்த உயரத்தில் நிற்கிறது? இவ்வளவும் தெரியாமல் ப்ராப் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

ஏரிக்கரை
டாஷ்போர்டில்தான் பார்த்தேன்! சனிக்கிழமை சரியாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏரிக்கரை
பார்த்துவிட்டேன். மீன்பிடிப் போட்டி நாளில் போவது மாதிரியே நானும் நண்பரும், டேங்க் முழுக்க, எல்லாப் பெட்டியும் ஏற்றி, லைவ்வெல் நிரப்பி: 5200 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ஸில் 62.5 மைல். காற்றோடு ஒரு முறை, எதிர்க்காற்றில் ஒரு முறை ஓட்டி எடுத்த சராசரி.

அப்புறம் நண்பரைக் கரையில் இறக்கிவிட்டு, தண்ணீரையும் வடித்துவிட்டு நான் மட்டும்: 5500, 67 மைல்.

ஜாக் பிளேட் இருக்கிறது, ஹைட்ராலிக் இல்லை, போல்ட்டு போட்டது. எந்த உயரம் என்று தெரியவில்லை. வாங்கியபோது இருந்ததுதான்.

நட்டுபோல்ட்டு
அருமை. இப்போது கணக்குப் போடலாம்.

பிட்ச் என்பது, ப்ராப் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னால் போக வேண்டும் என்கிற அளவு. மரத்தில் திருகாணி ஏறுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் மரம் இல்லை, ஆற்று மணல் மாதிரி. ஓரடி எடுத்து வைத்தால் முக்கால் அடிதான் நகர்வோம், மிச்சம் காலடியில் சறுக்கிப் போகும். அந்தச் சறுக்கலுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர்.

உங்கள் மோட்டாரின் கியர் விகிதம் 1.75. அதாவது என்ஜின் 1.75 முறை சுற்றினால்தான் ப்ராப் ஒரு முறை சுற்றும். சறுக்கலே இல்லாமல் போகக்கூடிய வேகம் வேண்டுமானால் ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 1056-ஆல் வகுக்க வேண்டும். 1056 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள்: ஒரு மைலுக்கு 63,360 அங்குலம், அதை 60 நிமிடத்தால் வகுத்தால் 1056.

5200 × 26 ÷ 1.75 ÷ 1056 = 73.2 மைல். நீங்கள் போனது 62.5. ஸ்லிப் 14.6 சதவீதம். தனியாகப் போனபோது 77.4-க்கு 67, ஸ்லிப் 13.4 சதவீதம்.

ஒழுங்காக அமைத்த 20 அடி பாஸ் படகில் இது பத்தை ஒட்டி இருக்க வேண்டும், நன்றாக அமைந்தால் எட்டு கூட வரும். உங்களுக்கு எடை ஏற்றினாலும் அதிகம், இறக்கினாலும் அதிகம். எடை மட்டும் காரணமாக இருந்தால் தனியாகப் போகும்போது நன்றாகவே இறங்கியிருக்கும். ஆகவே என் சந்தேகம் ப்ராப் மேல் இல்லை. மோட்டார் மிகக் கீழே நிற்கிறது. கியர் பெட்டி முழுவதும் தண்ணீருக்குள் இழுபடுகிறது.

அந்த 75 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 24 பிட்ச்சில் 6000 ஆர்பிஎம் தொட்டாலே சறுக்கல் இல்லாத வேகம் 77.9தான். 75 போக வேண்டுமென்றால் ஸ்லிப் நான்கு சதவீதத்துக்கும் கீழே வர வேண்டும். விற்றவர் எந்த ஏரியில் போனாரோ.

வேகத்தடை
விற்பவருடைய ஏரியில் எப்போதும் இறக்கம்தான்.

மிச்சிகன்வாசி (டெட்ராய்ட் பக்கம்)
நல்ல இழை. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். லேக் செயின்ட் கிளேரில் ஓட்டுகிறேன், ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்க. காற்று எழும்பினால் அது ஏரி இல்லை, குட்டிக் கடல். அங்கே எனக்கு 75 மைல் ஒரு பொருட்டே இல்லை. அலையில் 30 மைலில் போகும்போது படகு நீர் மேலேயே நிற்க வேண்டும், கீழே உட்காரக் கூடாது. அதற்கு நான்கு இறக்கை ப்ராப்தான். மூன்று இறக்கையில் 30-க்குக் கீழே குறைத்தாலே பின்பக்கம் உட்கார்ந்துவிடும். நான்கு இறக்கை போட்ட பிறகு 24, 25 மைலிலும் படகு மட்டமாகவே ஓடுகிறது. கிளம்பும்போதும் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், மூக்கு வானம் பார்க்காது.

ஏரிக்கரை, உங்களுக்கு மரக்கட்டை பயம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

வேகத்தடை
நான்கு இறக்கை போட்டால் மேல்வேகம் போகும். நாலாவது இறக்கை தண்ணீரில் கூடுதல் உராய்வு, ஆர்பிஎம்மும் 50, 100 குறையும். சாம் ரேபர்ன் ஏரியில் போட்டி அன்று காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே இடத்துக்குப் பாயும்போது ஒரு மைல் கூட முக்கியம்.

மிச்சிகன்வாசி
அந்த ஒரு மைலில் எத்தனை மீன் கூடுதலாகப் பிடித்தீர்கள்?

வேகத்தடை
அது தனி இழைக்கான விஷயம்.

நட்டுபோல்ட்டு
இருவரும் சொல்வதில் பாதி பாதி சரி. மேல்வேகம் என்பது இறக்கை எத்தனை என்பதைவிட, ப்ராப் படகின் மூக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதைப் பொறுத்தது. இறக்கை பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை ரேக் என்பார்கள். ரேக் கூடினால் மூக்கு தூக்கும், படகின் முன்பாதி தண்ணீரை விட்டு எழும்பும், உராய்வு குறையும், வேகம் ஏறும். மெர்க்குரியின் ஃப்யூரி மாதிரியான மூன்று இறக்கைகள் பாஸ் படகுக்காரர்களிடம் பேர் வாங்கியது இதனால்தான். ஆனால் மூக்கு ரொம்பத் தூக்கினால் படகு நடுமுதுகுப் பட்டை ஒன்றின் மேல் மட்டும் நின்று ஓடும். கயிற்றின் மேல் நடப்பது மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். 60-க்கு மேல் அந்த ஆட்டத்தை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான்கு இறக்கை அந்த ஆட்டத்தைக் குறைக்கும்.

இறக்கையின் பின் விளிம்பில் சின்னதாக ஒரு மடிப்பு இருக்கும், கரண்டி விளிம்பு மாதிரி. அதற்குக் கப் என்று பெயர். அது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், மோட்டாரை இன்னும் மேலே தூக்க விடும். நல்ல ப்ராப் கடைக்காரர் அந்த மடிப்பைக் கொஞ்சம் தட்டி ஏற்றினாலே ஆர்பிஎம் நூற்றுக்கு மேல் இறங்கும். இரண்டு ப்ராப்பிலும் 24 என்று எழுதியிருந்தாலும் ஒன்று போல் ஓடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுஏரி (ஹூஸ்டன்)
இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை. வேகமாகத் திருப்பும்போது ஆர்பிஎம் திடீரென்று எகிறுகிறது, படகு நிற்கிறது. கேவிட்டேஷன் என்று ஒரு நண்பர் சொன்னார். ப்ராப் மாற்ற வேண்டுமா?

கடல்புரம் (நாகர்கோவில், இப்போது டாம்பா)
தம்பி, அது கேவிட்டேஷன் இல்லை. கேவிட்டேஷனையும் வென்டிலேஷனையும் எல்லோரும் குழப்புகிறார்கள், மோட்டாரில் ப்ராப்புக்கு மேலே உள்ள தகட்டுக்கே கேவிட்டேஷன் தகடு என்று தப்பான பெயர் வைத்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்வது வென்டிலேஷன். திருப்பும்போது மேலிருந்து காற்றோ, மோட்டாரின் புகையோ இறக்கைக்குள் புகுந்துவிடுகிறது. ப்ராப் தண்ணீருக்குப் பதில் நுரையைக் கடைகிறது, பிடி இல்லாததால் ஆர்பிஎம் எகிறுகிறது. மோட்டார் அதிக உயரத்தில் இருந்தாலோ, ட்ரிம் (மோட்டார் சாய்ந்திருக்கும் கோணம்) வெளியே தள்ளியிருந்தாலோ, ப்ராப்புக்குக் கப் போதாமல் இருந்தாலோ வரும். திருப்பும் முன் ட்ரிம்மை உள்ளே இழுத்துப் பாருங்கள், முதலில் காசில்லாத வைத்தியம்.

கேவிட்டேஷன் வேறு. இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு குறைந்துபோய், குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழாகும். அந்தக் குமிழ் உடையும்போது உலோகத்தையே பொத்தல் பொத்தலாகக் கடித்துவிடும். ப்ராப்பைக் கழற்றிப் பாருங்கள். இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் அது கேவிட்டேஷன். பெரும்பாலும் விளிம்பில் விழுந்த நெளிவிலிருந்துதான் தொடங்கும்.

என் அப்பா குமரிக் கரையில் ஃபைபர் வள்ளம் வைத்திருந்தார், பத்துக் குதிரைக்குள் அடங்கும் மோட்டார். அவருக்குப் பிட்ச் என்ற சொல் தெரியாது. ஆனால் வலையும் ஐஸும் ஏற்றிப் போகும் நாளுக்கு ஒரு ப்ராப், வெறும் தூண்டிலுக்கு வேறு ஒன்று. சுமை ஏறினால் மோட்டார் முக்கும், அந்தச் சத்தத்தை வைத்தே மாற்றுவார். நீங்கள் டாக்கோமீட்டரில் பார்ப்பதை அவர் காதில் பார்த்தார்.

ஏரிக்கரை
மோட்டார் முக்குவது என்கிறீர்களே, 5200-இல் ஓட்டுவது மோட்டாருக்குக் கெடுதலா? எல்லைக்குள்தானே இருக்கிறது?

கடல்புரம்
எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் அடியில் இருக்கிறது. கொல்லிமலை ஏற்றத்தில் டாப் கியரில் போவது மாதிரி. போகும், ஆனால் என்ஜின் உள்ளே ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைப் போட்டு அடிக்கும். வெயில் காலத்தில் டெக்ஸாஸ் புழுக்கத்தில் காற்று லேசாகிவிடும், இன்னும் நூறு இருநூறு இறங்கும். அப்போது எல்லையின் அடி விளிம்புக்கே வந்துவிடுவீர்கள். நட்டுபோல்ட்டு சரியாகச் சொல்வார்.

நட்டுபோல்ட்டு
அதேதான். எல்லையின் மேல் பாதியில் நிற்க வேண்டும். இந்த மோட்டாருக்கு முழுச் சுமையில் 5600-இலிருந்து 5800 வரை வந்தால் நிம்மதி. தனியாகப் போகும்போது 5900 வரும், லிமிட்டரில் (ஆர்பிஎம் அளவு மீறாமல் தடுக்கும் அமைப்பில்) இடிக்காது. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: தனியாக, கால் டேங்க் பெட்ரோலில் ஓட்டிப் பார்த்து 6000 வரும் ப்ராப்பை வாங்குகிறார்கள். போட்டி நாளில் மோட்டார் முக்குகிறது.

சுமை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பெட்ரோல் கேலனுக்கு ஆறு பவுண்டு, 40 கேலன் என்றால் 240. லைவ்வெல் தண்ணீர் கேலனுக்கு 8.3, முப்பது கேலனுக்கு 250. நண்பர் 180. ஈயக் குண்டும் தூண்டிலும் நிறைந்த பெட்டிகளை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, போட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 700 பவுண்டு வித்தியாசம் சர்வசாதாரணம்.

மலை ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயிரம் அடி ஏறினால் மோட்டாரின் சக்தியில் ஏறக்குறைய மூன்று சதவீதம் போய்விடும். கொலராடோ பக்கம் போவதானால் பிட்ச் குறைந்த இன்னொரு ப்ராப் கையில் இருக்கட்டும்.

அலுமினியத்தோணி (ஆஸ்டின்)
என்னுடையது 17 அடி அலுமினியப் படகு, 115 குதிரை. கூட வந்தது அலுமினிய ப்ராப். இவ்வளவு கணக்கும் எனக்கும் வேண்டுமா? ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?

நட்டுபோல்ட்டு
கணக்கு அதேதான், ஆர்பிஎம் எல்லை மட்டும் உங்கள் கையேட்டில் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் இறக்கை மெல்லியது, வேகத்தில் வளையாது, அதனால் ஒன்று இரண்டு மைல் கூடும். உங்கள் படகு 40, 45 போகும் என்றால் அந்தக் காசுக்கு அவசரம் இல்லை. நான்கு இறக்கை அலுமினியத்தில் மெர்க்குரியின் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது, அந்த அளவுப் படகுகளில் நிறையப் பேர் போடுகிறார்கள். அதற்கு மாறும்போது பிட்ச் அளவைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், பழைய எண்ணையே எடுத்து வராதீர்கள்.

பாறை நிறைந்த ஆழமில்லாத ஏரியில் அலுமினியம் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. அதுவும் ஒரு நியாயம்.

ஏரிக்கரை
அளந்துவிட்டேன்! படகை ட்ரெய்லரில் மட்டமாக நிறுத்தி, மோட்டாரின் தகடு படகின் அடிப்பாகத்துக்கு இணையாக வரும்படி ட்ரிம் செய்து, தரையிலிருந்து பேட் (படகின் அடியில் உள்ள நடுமுதுகுப் பட்டை) வரை ஒரு அளவு, தரையிலிருந்து ப்ராப் அச்சின் நடுப்புள்ளி வரை ஒரு அளவு. வித்தியாசம் ஐந்து அங்குலம். அதாவது அச்சு பேட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே. இது அதிகமா?

நட்டுபோல்ட்டு
அதிகம். நான் மூன்றரை, நான்கில் தொடங்குவேன். கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் ஓட்டி எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் அழுத்தக் காட்டியிலிருந்து கண் எடுக்காதீர்கள். மோட்டார் மேலே போகப் போகக் குளிர்விக்கும் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேற்பரப்பை நெருங்கும். முழு வேகத்தில் 15 பிஎஸ்ஐக்குக் கீழே விழ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் இறக்குங்கள். அந்தக் காட்டி இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், ப்ராப்பை அப்புறம் பார்க்கலாம்.

ஏரிக்கரை
இரண்டு வார இறுதி போனது. நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஏற்றி, இறுக்கி, ஏரிக்குப் போய், மறுபடி வந்து. வீட்டில் "படகு வாங்கினீர்களா, வேலை வாங்கினீர்களா" என்று கேள்வி.

மூன்றரை அங்குலத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் கால் அங்குலம் ஏற்றினால் திருப்பத்தில் பிடி விடுகிறது, அழுத்தமும் இறங்குகிறது. அதே பழைய 26 ப்ராப், முழுச் சுமை: 5350 ஆர்பிஎம், 66 மைல். ஒரு டாலர் செலவில்லாமல் மூன்றரை மைல்! ஸ்லிப் நானே போட்டேன், 12.3.

ஆனால் கிளம்பி நீர் மேல் ஏற இப்போதும் ஆறரை விநாடி ஆகிறது. மூக்கும் அதே வானம்தான்.

வேகத்தடை
சரி, தோற்றேன். நட்டுபோல்ட்டு சொன்னதுதான் சரி. ஆனால் இப்போது 24 வாங்கலாம் அல்லவா?

நட்டுபோல்ட்டு
இப்போது வாங்கலாம். நீங்கள் முதலில் சொன்ன எண்தான், வரிசைதான் மாறியது. மோட்டாரைத் தூக்காமல் வாங்கியிருந்தால் ஆர்பிஎம் ஏறியிருக்கும், சறுக்கல் அப்படியே இருந்திருக்கும், அவரும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

வாங்கும் முன் கடன் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் ப்ராப் கடைகள் இருக்கின்றன. இல்லாவிட்டால் படகு இறக்கும் துறையில் யாரிடமாவது கேளுங்கள், பாஸ் படகுக்காரன் ப்ராப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் காபியும் வாங்கித் தருவான். வேறு கம்பெனி ப்ராப் என்றால் உங்கள் அச்சுக்குப் பொருந்தும் ஹப் கிட் (ப்ராப்பை அச்சோடு இணைக்கும் நடுப்பாகம்) சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள். ஒவ்வொரு ப்ராப்புக்கும் அதற்கென்று ஓர் உயரம் உண்டு. ஆகவே புதியதைப் போட்டதும் மோட்டாரை அரை அங்குலம் இறக்கி, மறுபடி ஏறி வாருங்கள்.

மிச்சிகன்வாசி
மூன்று இறக்கை 24, நான்கு இறக்கை 24, இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். வேறு வேறு நாளில் எடுத்த எண்ணை ஒப்பிட வேண்டாம், காற்றும் வெப்பமும் ஏமாற்றும்.

புதுஏரி
ட்ரிம் வைத்தியம் வேலை செய்தது, கடல்புரம் அண்ணனுக்கு நன்றி. இன்னொரு கேள்வி. என் ப்ராப்பின் உடம்பில் இறக்கைக்குப் பின்னால் சின்னத் துளைகள், அதில் பிளாஸ்டிக் மூடிகள். ஒன்று விழுந்துவிட்டது. அவசியமா?

நட்டுபோல்ட்டு
அது சும்மா ஓட்டை இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் புகை இறக்கைக்குள் கசியும். ப்ராப் வேண்டுமென்றே நுரையைக் கடையும், அதனால் மோட்டார் சட்டென்று ஆர்பிஎம் ஏறி, சக்தி கிடைக்கும் இடத்துக்கு வந்துவிடும். வேகம் எடுத்ததும் ஓடும் தண்ணீர் துளையைக் கடந்து போய்விடும், கசிவு நின்றுவிடும். பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு இது பெரிய உதவி. இப்போதைய பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்குக் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை உண்டு, பெரிய துளை வைத்தால் வெறுமனே சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு மூடி மட்டும் இல்லாமல் ஓட்ட வேண்டாம், எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும்.

ஏரிக்கரை
முடிந்தது. ஒரே காலை, ஒரே சுமை, இரண்டு கடன் ப்ராப்.

மூன்று இறக்கை 24: 5720 ஆர்பிஎம், 66.9 மைல், ஸ்லிப் 9.9, கிளம்ப ஐந்து விநாடி.
நான்கு இறக்கை 24: 5650 ஆர்பிஎம், 66.4 மைல், ஸ்லிப் 9.5, கிளம்ப நான்கு விநாடிக்குச் சற்று மேல். மோட்டார் கால் அங்குலம் கூடுதலாக ஏறியது.

அரை மைல்தான் வித்தியாசம். ஆனால் நான்கு இறக்கையில் கிளம்பும்போது எனக்கு எதிரே ஏரி தெரிகிறது. 26 மைலில் மெதுவாகப் போனாலும் உட்காரவில்லை. நான்கையே எடுத்துக்கொண்டேன். தனியாகப் போனால் 5900, 70 மைல். 75 என்ற எண்ணை மறந்துவிட்டேன், வேகத்தடை மன்னிக்கவும்.

வேகத்தடை
மன்னிக்கிறேன். ரேபர்னுக்கு வாருங்கள், அந்த அரை மைலைக் காட்டுகிறேன்.

கடல்புரம்
மாட்டும்போது கவனம். முதலில் சாவியை எடுத்துவிடுங்கள். இறக்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள், கையால் இறக்கையைப் பிடிக்காதீர்கள், ஸ்டெயின்லெஸ் விளிம்பு அரிவாள்தான். அச்சின் பற்களுக்குக் கிரீஸ், முன்னால் போகும் த்ரஸ்ட் வாஷர் பழைய ப்ராப்போடு ஒட்டிக்கொண்டு போய்விடாமல் பாருங்கள். நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, காட்டர் பின் புதிதாகப் போடுங்கள்.

கழற்றியிருக்கும்போதே அச்சைச் சுற்றித் தூண்டில் நரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நரம்பு உள்ளே சுற்றிக்கொண்டால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும், தண்ணீர் புகுந்து கியர் ஆயில் பால் மாதிரி ஆகிவிடும். அப்பாவின் மோட்டார் இரண்டு முறை படுத்தது இதனால்தான். எங்களுக்கு வலை நைலான், உங்களுக்குத் தூண்டில் நரம்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. கில் சுவிட்ச் (ஓட்டுபவர் இடம் விட்டு விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றை மாட்டிக்கொண்டே ஓட்டுங்கள். 26 அடிக்குள் உள்ள படகுகளில் சுவிட்ச் இருந்தால் நீர் மேல் ஏறி ஓடும்போது அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் இங்கே மத்தியச் சட்டமே இருக்கிறது. 70 மைலில் சோதனை ஓட்டம் செய்பவருக்குச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏரிக்கரை
நரம்பு இருந்தது அண்ணே! கொசுவலை மாதிரி ஒரு கை நிறைய. என்னுடையது இல்லை, பழைய முதலாளியுடையது. ஆயில் திறந்து பார்த்தேன், நல்ல வேளை, பால் ஆகவில்லை. சீல் மாற்ற நாள் குறித்துவிட்டேன்.

மிச்சிகன்வாசி
அந்தப் பழைய 26?

ஏரிக்கரை
படகிலேயே உதிரியாக வைத்திருக்கிறேன். ஃபோர்க்கில் கட்டையில் அடித்தால் அதை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கரை சேரலாம். ரெஞ்ச்சும் மரக்கட்டையும் கூடவே.

வேகத்தடை
விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். என்னுடையது 5950 தொடுகிறது, 26 போட்டுப் பார்க்க ஆசை.

நட்டுபோல்ட்டு
எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு எடுத்தீர்கள் அந்த 5950-ஐ?

வேகத்தடை
...தனியாக. கால் டேங்க்.